படிவத்தின் ஏழாவது கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று வகுப்பு. முப்பத்திரண்டு மெக்கானிக்குகள், இரண்டு மின்விசிறிகள், அதில் ஒன்று சுற்றவில்லை. தலைப்பு வழக்கம்போல "மனிதக் காரணிகள்". பெயரைக் கேட்டதுமே பாதிப் பேர் முகம் தொங்கிப்போகும். விஷயம் என்னவோ எளிதுதான். விமானத்தைப் பழுது பார்ப்பவன் மனிதன். அவனுக்குத் தூக்கம் வரும், பசிக்கும், வீட்டில் சண்டை நடந்திருக்கும். ஆகவே தவறு வரும். வரும் என்று ஒத்துக்கொண்டு, அது பறப்பதற்கு முன்னால் பிடிக்க வழி செய். தன் தவறைத் தானே வந்து சொல்பவனைத் தண்டிக்காதே; தண்டித்தால் அடுத்தவன் வாயைத் திறக்க மாட்டான். எங்கள் விமானப் பாதுகாப்பு அலுவலகத்துக்காக இந்த விதியை எழுதியவளே நான்தான் என்பதைப் பதினோரு மணிக்கு ஒருமுறையும் மூன்று மணிக்கு ஒருமுறையும் நினைவூட்டினேன். அடக்கம் என் கூடப் பிறந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்வரிசையில் நான்கு பேர் தூங்கிவிட்டார்கள். களைப்பு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்ததால் எழுப்பவில்லை, உதாரணமாக வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் அடுப்படியில். "வாங்க மேடம், இன்னிக்கு எத்தன பேர திருத்துனீங்க?" டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனிதருக்கு என் வகுப்பு என்றால் இளக்காரம். தினமும் ஆறு பேர் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அதற்கெல்லாம் யாரும் தலைப்பு வைக்கவில்லை என்பார்.

நாளை மறுநாள் ஹேங்கர் ஆடிட், அதாவது விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில் சோதனை.

மார்ச் 5, வியாழன்

ஹேங்கர் வாசலில் ஆளுயரப் பலகை. "712 நாட்கள். தவறு அறிக்கைகள்: 0." பாதுகாப்பு மேலாளர் அதன் பக்கத்திலேயே நின்று என்னை வரவேற்றார். போட்டோ எடுப்பேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. இந்தக் குறிப்பில் அவருக்குப் பூஜ்யம் என்று பெயர்.

எண்பத்தாறு பேர் வேலை செய்யும் இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு வருடமாக ஒரு தவறும் இல்லை! எங்கள் வீட்டில் இரண்டே பேர். காலை எட்டு மணிக்குள் மூன்று ஆகிவிடும். தவறே நடக்காத இடத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். எட்டு வருடம் நானும் ஸ்பேனர் பிடித்தவள்தான்.

துருவித் துருவிக் கேட்டேன். மூன்றாவது டீயின்போது விஷயத்தை அவிழ்த்தார்.

"போன மாசம் ஒண்ணு நடந்துச்சு மேடம். ஒருத்தர் சக்கரம் மடங்குற குழிக்குள்ள டார்ச்ச வெச்சு மூடிட்டாரு. ஆனா விமானம் கிளம்பறதுக்கு முன்னாலயே எடுத்தாச்சு. அதனால அது தப்புக் கணக்குல வராது."

"சரி. அந்த மெக்கானிக் எங்க?"

"அவர நிறுத்தி வெச்சிருக்கோம்."

"தப்பே இல்லன்னா ஆள ஏன் நிறுத்துனீங்க?"

பூஜ்யம் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். "நாங்களா ஒண்ணும் பண்ணல மேடம். தவற யார் சொன்னாலும் உங்க ஆபீஸ் ஃபாரத்துல எழுதி அனுப்பணும்னு இருக்கு. எழுதினோம். ஒரு காப்பி உங்க லைசென்ஸ் பிரிவுக்குப் போச்சு. அவங்களே விசாரணைக்குத் தேதி போட்டுட்டாங்க."

ஏழாவது கட்டம்: தவறுக்குப் பொறுப்பானவர் பெயர், லைசென்ஸ் எண். எட்டாவது கட்டம்: அவர்மீது பரிந்துரைக்கப்படும் நடவடிக்கை. எட்டில் பூஜ்யம் அழகான கையெழுத்தில் "லைசென்ஸ் ஆறு மாதம் ரத்து" என்று எழுதியிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். "இது எங்க ஃபாரமே இல்ல சார். எங்கயோ கெடந்த பழசத் தூசி தட்டி எடுத்திருக்கீங்க. பேர் கேட்டா யார் சார் எழுதுவாங்க? எங்க விதிக்கே நேர் எதிரா இருக்கு!" மனிதர் வாடிப்போனார். எண்பத்தாறு பேர் பார்க்க ஒரு மேலாளரை வெளுத்து வாங்கிவிட்டு, பலகையைத் தாண்டி நிமிர்ந்து நடந்து வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

அந்த மெக்கானிக்கை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். வேலை செய்து பழகிய கைக்கு விடுமுறை ஒத்துக்கொள்ளாது.

கம்பெனி டார்ச் மங்கல் என்பதால் சொந்த டார்ச் வைத்திருக்கிறார். ஷிப்ட் முடியும்போது டூல் பெட்டியை எண்ணுவார்கள். சொந்தப் பொருள் எண்ணிக்கையில் வராது. அன்றைக்குப் பெட்டி சரியாக இருந்தது. சக்கரக் குழியின் மூடியைப் போட்டார், கையெழுத்துப் போட்டார். உள்ளே பார்த்துவிட்டு இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டியவர் குனியவே இல்லை. இவருடைய கை சுத்தம் என்று ஹேங்கர் முழுக்கப் பெயராம், அந்த நம்பிக்கை. எப்படித்தான் பார்க்காமல் போடுகிறார்களோ!

"பஸ்ல ஏறி உக்காந்தேன் மேடம். சட்டைப் பை லேசா இருந்துச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு. அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் போன் பண்ணினேன். விமானத்த வெளிய இழுத்துட்டு இருந்தாங்க. நிறுத்துங்கன்னேன்."

நிறுத்தினார்கள். சக்கரத்தை மடக்கும் தண்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் டார்ச் கிடந்தது. மேலே போய்ச் சக்கரம் மடங்கும்போது அது நடுவில் மாட்டியிருந்தால்? அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"யாரும் என்ன எழுதச் சொல்லல. நானாத்தான் ஃபாரம் கேட்டு வாங்கி எழுதினேன்."

"ஏன்?"

"போன வருஷம் நீங்கதான மேடம் கிளாஸ் எடுத்தீங்க? எழுதுனா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க."

27ஆம் தேதி விசாரணை. லைசென்ஸ் ஆறு மாதம் போனால் இந்த ஹேங்கர் அவரைத் திரும்ப எடுக்காது. வேறெந்த ஹேங்கரும் எடுக்காது. இருபது வருடம் இந்த ஒரு வேலைதான் செய்திருக்கிறார்.

கவலைப்படாதீங்க, அந்த ஃபாரம் எங்களோடது இல்ல, நான் பாத்துக்கறேன் என்று அனுப்பிவைத்தேன். படியிறங்கும்போது இரண்டு தடவை திரும்பிக் கும்பிட்டார்.

மார்ச் 9, திங்கள்

எந்தப் புண்ணியவான் அந்தப் படிவத்தைத் தயாரித்தான் என்று கண்டுபிடிக்கக் கோப்பறைக்குப் போனேன். பூஜ்யத்தின் முகத்தில் விட்டெறிய ஆதாரம் வேண்டுமே. கோப்பு கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பிரிவுதான் வெளியிட்டிருக்கிறது. ஏழும் எட்டும் அப்படியே இருக்கின்றன.

தயாரித்தவர்: அடுத்த மேஜைக்காரர், நான் அரைக் கண்ணாடி என்று பெயர் வைத்திருப்பவர்.

சரிபார்த்தவர்: நான்.

மார்ச் 10, செவ்வாய்

என் கையெழுத்தேதான். வால் கொஞ்சம் நீளமாக, திருப்தியான ஒரு கையெழுத்து.

அலமாரியிலிருந்து அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு என்ன இடி விழுந்தது, காய்ச்சலா, வீட்டில் ஏதாவது கஷ்டமா? ஏதாவது இருந்தால் தேவலை என்று இருந்தது. அந்தத் தேதியில் ஒரே வரி: "ஒரே நாளில் பதினோரு படிவம் முடித்தேன். கெட்டிக்காரி."

கெட்டிக்காரியாம். செருப்பால அடிக்கணும்.

அரைக் கண்ணாடியிடம் மெதுவாகக் கேட்டேன். மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு கோப்பை நெடுநேரம் பார்த்தார். விபத்து விசாரணைக்கு என்று பழைய படிவம் ஒன்று உண்டு. அதன்மேல்தான் புதியதைக் கட்டினாராம். தலைப்பை மாற்றினார், ஆறு கட்டங்களை மாற்றினார், அப்புறம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மிச்சம் அப்படியே நின்றுவிட்டது.

"கூட்டம் முடிஞ்சு வந்து பாத்திருக்கலாமே சார்?"

"எப்படியும் நீங்க பாப்பீங்கன்னு விட்டுட்டேன் மேடம். உங்க கண்ணுக்கு ஒரு புள்ளி தப்பாதே. நீங்க பாக்கலியா?"

"நீங்க எழுதினதாச்சே, சரியாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன்."

அவர் திறமைமேல் எனக்கு அவ்வளவு மரியாதை, என் கண்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. இப்படி ஒருவரையொருவர் மதித்து மதித்தே ஒரு மனிதனின் பிழைப்பில் கை வைத்திருக்கிறோம். இரண்டு வருடமாக எல்லா ஹேங்கர்களிலிருந்தும் சேர்த்து ஒன்பதே அறிக்கைகள் வந்தபோது, "நம்ம ஆளுங்க கூச்ச சுபாவம்" என்று ஒரு கட்டுரை வேறு எழுதினேன்.

மார்ச் 11, புதன்

யாரிடமும் சொல்லவில்லை. கோப்பு என் மேஜை இழுப்பறையில்.

மார்ச் 12, வியாழன்

தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் வந்துவிட்டேன். தலை வலிக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

சொல்லித்தான் ஆகணுமா? படிவத்தைத் திருத்திவிட்டால் போதாதா? விசாரணையில் அவருக்காக நல்ல வார்த்தை நாலு சொன்னால் போதாதா? நான் பேசினால் எடுபடும். எடுபடுவதற்குக் காரணமே நான் தவறு செய்யாதவள் என்ற பெயர்தான் — அந்தப் பெயரையே கெடுத்துக்கொண்டு போய்ப் பேசினால் யார் கேட்பார்கள்?

எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. திருடனுக்கும் இப்படி ஒரு நியாயம் இருக்கும்.

மார்ச் 15, ஞாயிறு

இவரிடம் எதையும் மறைக்க முடியாது. காலையில் துணி காயப்போடும்போது, "அஞ்சு நாளா என்னை ஒரு குறையும் சொல்லல. உடம்பு சரியில்லையா?" என்றார்.

கொட்டிவிட்டேன். வாளியைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். சிரிப்பார் என்று தெரியும், சிரித்தார். ஆனால் கொஞ்சமாகத்தான்.

"என் வண்டியில ரெண்டு பிரேக் இருக்குல்ல? அவங்க காலுக்கு ஒண்ணு, என் காலுக்கு ஒண்ணு. என் பக்கமும் பிரேக் இருக்குன்னு தெரிஞ்ச நிமிஷத்துலேர்ந்து அவங்க பிரேக்கையே மிதிக்க மாட்டாங்க. லாரி எதிர்ல வரும், ஹாயா உக்காந்திருப்பாங்க. எல்லாம் சார் பாத்துப்பாரு! ரெண்டு பிரேக் வெச்ச வண்டின்னு பேரு. உண்மையில ஒண்ணு கூட இருக்காது சில நேரம். நானும் அசந்துட்டேன்னா போச்சு."

பத்தொன்பது வருடமாக இரட்டைக் கையெழுத்தின் மகிமையைப் பேசி வருகிறேன். இதை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு.

பிறகு ஒரு சட்டையை உதறிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டார். "அந்த ஆளு அடுத்த பஸ் ஸ்டாப்புலயே எறங்கிப் போன் பண்ணிட்டாரு. உனக்கு எத்தன நாளாச்சு?"

ஆறு நாள்.

வாளியில் மிச்சமிருந்த துணியை நானே எடுத்துக் காயப்போட்டேன். கோபம் இல்லை, வெட்கம். இரண்டு சட்டைகளைத் திருப்பிப் போட்டுக் காயவைத்திருக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

பிரிவுத் தலைவரிடம் போனேன். எதற்கும் "நிதானமா பண்ணலாம்" என்பவர் என்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே நிதானம். தீப்பிடித்தாலும் முதலில் கடிதம் போடுவார் என்று கேலி செய்வோம். நல்ல மனிதர்.

கோப்பைப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இத ஏன் பெருசு பண்றீங்க? அடுத்த மாசம் புது ஃபாரம் விட்டுடலாம். பழசு போச்சு, புதுசு வந்துச்சு. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"அந்த மெக்கானிக் சார்?"

"ஆறு மாசத்த மூணா குறைச்சுடலாம். நிதானமா பாத்தா அதுவே பெரிய சலுகைதான்."

"அவர் பண்ணினது நம்ம விதிப்படி தண்டனைக்கே உரியது இல்ல சார். அவரோட கேஸ் நம்ம ஃபாரத்தால உருவானது. அத யாராவது எழுத்துல சொன்னாத்தான் விசாரணையே செல்லாம போகும்."

"யார் எழுதுவா?"

அறையில் இருந்ததே நாங்கள் இருவர்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார். நானும் ஜன்னலைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

"பத்தொன்பது வருஷம் கறுப்புப் புள்ளி இல்லாம இருந்துட்டீங்க மேடம். யோசிச்சுக்குங்க."

மார்ச் 17, செவ்வாய்

எழுதினேன்.

தவறைத் தெரிவிக்க எங்கள் அலுவலகத்தில் இருப்பது ஒரே படிவம். ஆகவே அந்தப் படிவத்தைப் பற்றிய தவறை அந்தப் படிவத்திலேயே எழுத வேண்டியதாயிற்று. எவ்வளவு மோசமான படிவம் என்பது நிரப்பும்போதுதான் தெரிகிறது. ஐந்தாவது கட்டத்தில் காரணங்களின் பட்டியல், டிக் போட வேண்டும்: களைப்பு, அவசரம், பயிற்சிக் குறைவு, வெளிச்சக் குறைவு, சத்தம். அன்றைக்கு எனக்குக் களைப்பு இல்லை. அவசரம் இல்லை. வெளிச்சம் பிரமாதம். கடைசியில் "மற்றவை" என்ற இடத்தில் "பெருமை" என்று எழுதினேன். ஒரே நாளில் பதினோரு படிவம் முடித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை.

ஏழில் என் பெயரை எழுதப் போய்ப் பேனாவை இரண்டு தடவை மூடி வைத்தேன். இது என்ன, வெறும் பெயர்தானே, தினமும் ஐம்பது தடவை எழுதுவதுதானே என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மூன்றாவது தடவைதான் எழுத முடிந்தது. அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். நானாவது மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். அவர் எங்கே வைத்து எழுதினாரோ.

எட்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். என்மேல் நானே நடவடிக்கை பரிந்துரைக்கும் அளவுக்கு இன்னும் திருந்தவில்லை.

மார்ச் 20, வெள்ளி

விஷயம் பரவிவிட்டது. கேன்டீனில் நான் போனதும் இரண்டு மேஜைகள் அமைதியாயின. மூன்றாவது மேஜையிலிருந்து ஒருவர், "மேடம், இந்த சர்க்கரை டப்பாவக் கொஞ்சம் சரிபார்த்துத் தர்றீங்களா? உப்பா இருக்கப் போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வந்து கழிப்பறையில் முகம் கழுவினேன்.

அரைக் கண்ணாடி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. தன்னைக் கேட்காமல் எழுதிவிட்டேன் என்று வருத்தம். நியாயம்தான். நான் என் பெயரை மட்டும்தான் எழுதினேன் என்று விளக்கப் போனால், அதுதான் அவருக்கு இன்னும் வருத்தம் என்று தெரிந்தது. "தப்ப ரெண்டு பேரும் பண்ணிட்டு நல்ல பேர மட்டும் நீங்க எடுத்துட்டுப் போறீங்க" என்றார். மாலையில் போய் ஏழாவது கட்டத்தில் என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதிவிட்டு வந்திருக்கிறார். எழுத்து என்னுடையதைவிடப் பெரியது.

மார்ச் 27, வெள்ளி

விசாரணை. நடுவில் நிதானம், ஒரு பக்கம் லைசென்ஸ் பிரிவு அதிகாரி, மறுபக்கம் வெளியிலிருந்து வந்த ஒரு மூத்த பைலட். எதிரே அந்த மெக்கானிக், இஸ்திரி போட்ட சட்டையில். கைகள் மறுபடி முழங்காலில்.

பூஜ்யத்தை முதலில் கேட்டார்கள். எழுந்து, என்னைப் பார்த்து, "இது எங்க ஃபாரம் இல்லன்னு மேடம் சொன்னாங்க" என்று ஆரம்பித்தார். அதற்குப் பழிவாங்க அவருக்கு முழு உரிமை உண்டு. எழுந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். ஃபாரம் எங்களுடையது, படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான், இந்த மனிதர் எங்கள் விதியை நம்பி எழுதினார், நாங்கள்தான் விதியைக் காப்பாற்றவில்லை என்றேன்.

லைசென்ஸ் அதிகாரி, "அதெல்லாம் சரி, டார்ச்ச விட்டது நிஜந்தானே?" என்றார்.

அவருக்குப் பைலட் பதில் சொன்னார். "நிஜந்தான். நான் ஓட்டப் போற விமானத்துல வேல பாக்கறவர் எதையாவது மறந்து வெக்கலாம் சார். மறந்தது ஞாபகம் வந்ததும் போன் பண்ணணும், அவ்வளவுதான் எனக்கு வேணும். இவரத் தூக்கிட்டீங்கன்னா அடுத்தவர் பஸ்ல உக்காந்துட்டே வீட்டுக்குப் போயிடுவாரு."

நிதானம் பத்து நிமிடம் காகிதங்களைப் புரட்டினார். எனக்கு அது பத்து வருடம். பிறகு நடவடிக்கை ரத்து, லைசென்ஸில் எந்தக் குறிப்பும் இல்லை, திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகலாம் என்றார். என்னுடைய படிவத்தில் காலியாக இருந்த எட்டாவது கட்டத்தில் அவரே எழுதினார்: "நிதானமாகப் படிக்கும்படி அறிவுறுத்தப்படுகிறார்." பத்தொன்பது வருடத்தில் மனிதர் அடித்த முதல் ஜோக். அதையும் கோப்பில் அடித்திருக்கிறார்.

வெளியே தாழ்வாரத்தில் அந்த மெக்கானிக் எனக்காகக் காத்திருந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னார். அப்புறம், "தப்பா நெனைக்காதீங்க மேடம். வேல திரும்பக் கெடச்சதே போதும். ஆனா இனிமே நான் எதையும் எழுத மாட்டேன். ஒன்றரை மாசம் வீட்டுல எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துட்டே இருந்தாங்க. இன்னொரு தடவ முடியாது" என்றார்.

சரி என்றேன். படியிறங்கிப் போனார், இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 28, சனி

எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்கிறார்கள். அந்த விதியை நான் எழுதியதே அந்த மெக்கானிக் போன்றவர்கள் எழுத வேண்டும் என்பதற்காகத்தான். என்னை நம்பி எழுதிய ஒருவரையும் இழந்துவிட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

புதிய படிவம் வெளியானது. ஏழு இல்லை, எட்டு இல்லை. யார் என்று கேட்கும் இடமே இல்லை. என்ன நடந்தது, ஏன் நடந்திருக்கும், மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யலாம், மூன்றே கேள்விகள். எழுதியவர் யார் என்று தெரியும்படி ஏதாவது இருந்தால், வேறு பிரிவுக்குப் போகுமுன் நாங்கள் மறைத்துவிட வேண்டும் என்று விதியிலும் சேர்த்தாயிற்று.

சரிபார்ப்பதிலும் ஒரு மாற்றம். இரண்டு பேரும் தனித்தனிப் பிரதியில், மற்றவர் என்ன கண்டுபிடித்தார் என்று தெரியாமல் படிக்க வேண்டும். இவருடைய பிரேக் கதையிலிருந்து எடுத்ததுதான். அலுவலகக் குறிப்பில் எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. தெரிந்தால் இவருக்குத் தலை கால் புரியாது. முதல் சுற்றில் அரைக் கண்ணாடி நான்கு குறை கண்டுபிடித்தார், நான் ஏழு. கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்தால் அவருடைய நான்கில் மூன்று என் கண்ணில் படவே இல்லை. இருவரும் நாள் முழுக்க முறைத்துக்கொண்டோம்.

மே 14, வியாழன்

மற்ற ஹேங்கர்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்திருக்கிறது. இதுவரை இருபத்தாறு. ஒருவர் தன் மேற்பார்வையாளர் பாடுவதால் கவனம் சிதறுகிறது என்று எழுதியிருக்கிறார். காரணம்: சத்தம்.

பூஜ்யத்தின் ஹேங்கரிலிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. இன்று போயிருந்தேன். பலகையைக் கழற்றிவிட்டார். அதே பூஜ்யத்தை வைத்துக்கொண்டு முன்பு பெருமைப்பட்டவர் இப்போது புலம்புகிறார். "நான் எவ்வளவோ சொல்லிட்டேன் மேடம். எழுதுங்கப்பா, ஒண்ணும் ஆகாதுன்னு. எல்லாரும் அவரத்தான் பாக்கறாங்க. அவர் எழுதல, நாங்க ஏன் எழுதணும்ங்கறாங்க."

அந்த மெக்கானிக்கைத் தூரத்தில் பார்த்தேன். ஏணி மேல் நின்று எஞ்சின் மூடிக்குள் தலையை விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையசைத்தார். மரியாதையான தலையசைப்புதான். உடனே வேலைக்குத் திரும்பிவிட்டார். போய்ப் பேசலாமா என்று தோன்றியது. என்ன பேசுவது? எழுதுங்கள் என்றா? ஒருமுறை நான் சொல்லி அவர் எழுதியது போதாதா?

பேசாமல் வந்துவிட்டேன். வாயைத் திறக்காமல் நான் நல்லபடியாகச் செய்த ஒரே காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

ஜூன் 9, செவ்வாய்

காலைத் தபாலில் பூஜ்யத்தின் ஹேங்கரிலிருந்து ஒரு உறை. பிரித்தபோது புகார்க் கடிதம் என்றுதான் நினைத்தேன். புதிய படிவம். கறுப்பு மையில், நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது.

போன வெள்ளிக்கிழமை மதியம் ஒரு சக்கரத்தை மாற்றி, நட்டை இறுக்கியாயிற்று. அது கழன்றுவிடாமல் பூட்டும் பின்னைப் போடப் போகும்போது ஏணி பிடிக்க யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். போய்ப் பிடித்துவிட்டு வந்து, பின்னைப் போட்டுவிட்டோம் என்ற நினைப்பில் வேலை அட்டையில் டிக் போட்டாயிற்று. இரண்டாவது கையெழுத்துக்காரர் இந்த முறை குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தார். ஏன் நடந்திருக்கும் என்ற இடத்தில்: "பாதி வேலையில் கூப்பிட்டால் மூளை அந்த வேலையை முடித்ததாக எழுதிக்கொள்கிறது." மறுபடி நடக்காமலிருக்க என்ற இடத்தில்: "நடுவில் எழுந்து போகிறவர் அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போகட்டும். திரும்பி வந்தவர் துணியை அவிழ்க்கும்போது விட்ட இடம் ஞாபகம் வரும்."

பத்தொன்பது வருடத்தில் நான் எழுதிய எந்தச் சுற்றறிக்கையிலும் இவ்வளவு உபயோகமாக ஒரு வரி கிடையாது. நாளைக்கே எல்லா ஹேங்கருக்கும் அனுப்ப வேண்டும்.

பெயர் எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. கவனமாகப் பார்த்து, வேண்டுமென்றே எடுத்துவிட்டோம். இனி எழுத மாட்டேன் என்று சொன்ன அந்த மெக்கானிக் அடி ஓரத்தில், அச்சடித்த கோட்டுக்குக் கீழே, காகித விளிம்பு வரை இழுத்து, தன் பெயரை முழுதாக எழுதியிருந்தார். லைசென்ஸ் எண்ணோடு.

அடுத்த பிரிவுக்கு அனுப்புமுன் விதிப்படி நான் அதைக் கறுப்பு மையால் மறைக்க வேண்டும். விதியை எழுதியவளும் நான்தான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.